வெள்ளித்திரையில் நம் முகம்

மதரஸாவில் ஓதி ஸனது பெற்ற ஒருவன் திரைப்படங்களைக் குறித்து எழுதப் புகுந்தால், இவ்விதழின் அன்பர்களுள் சிலர் வியப்படையக்கூடும். சிலர் வருந்தவும் கூடும். படம் பார்ப்பது ஆகுமா ஆகாதா என்னும் ஃபிக்ஹுச் சட்டத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு முஃப்திமார்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒரு காலத்தில் படம் பார்க்க விரும்பியவன் ஊருக்கு வெளியே இருந்த டூரிங் டாக்கீஸுக்கு நடந்து போக வேண்டியிருந்தது. பின்னர்ப் படம் தொலைக்காட்சி வழியே நம் கூடத்திற்கு வந்தது. இன்று அது நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. நாம் அதைத் தேடிப் போகாவிட்டாலும் அது நம்மைத் தேடி வருகிறது. நம்மைப் பற்றியும் பேசுகிறது. நம்மைப் பற்றி ஊரறியப் பேசப்படும் பேச்சை நாம் மட்டும் கேளாதிருப்பது பேணுதல் ஆகிவிடுமா?

ஒருவர் மீது வழக்கு வந்தால் அவர் சொல்லையும் கேட்ட பிறகே காழி தீர்ப்பளிக்க வேண்டும் என்று நாங்கள் ஓதினோம். வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்னும் கட்டளை 'ஹுஜுராத்' அத்தியாயத்தில் இருக்கிறது. பகைமை உணர்ச்சி நீதியைத் தடுக்கலாகாது என்பது 'மாயிதா' அத்தியாயத்தின் போதனை. இம்மூன்றையும் துணையாகக் கொண்டே சில படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பார்த்தேன். அவற்றைப் பற்றிய என் கருத்துகளை இங்கே வைக்கிறேன்.

இதற்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு சிறுவனின் வினா. சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலாலும், திருக்கருவை அந்தாதிகளாலும், வரதுங்கராம பாண்டியராலும் தமிழறிந்தோர் அறிந்த ஊர். இங்கே முஸ்லிம்கள் தனித்து வாழவில்லை. அண்டை வீட்டார் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி கொடுத்தனுப்புவதும், அவர்கள் வீட்டுத் திருமணத்திற்கு நாங்கள் முன்னின்று வேலை செய்வதும் நாள்தோறும் நடப்பவை. அத்தகைய ஊரில், மாலை மதரஸாவில் என்னிடம் ஓதும் பத்து வயதுப் பையன் ஒருவன் ஒருநாள் பாடம் முடிந்த பின் தயங்கி நின்றான். "ஹஜ்ரத், குண்டு வைக்கிறவங்க தொழுதுட்டுத்தான் வைப்பாங்களா?" என்று கேட்டான். யார் சொன்னது என்றேன். பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பிள்ளைகள் ஏதோ ஒரு படத்தில் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதில் பகை இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். ஆனால் இவனுக்கு மறுமொழி தெரியவில்லை. தொழுகை என்பது அவன் வாப்பா கடையை அடைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகும் செயல் என்று மட்டுமே அதுவரை அவன் அறிந்திருந்தான்.

அவனுக்கு நான் சொன்ன விடை எளியது. குண்டு வைக்கிறவன் தொழுதாலும் அவன் தொழுகை அவனைத் தடுக்கவில்லை. உன் வாப்பாவின் தொழுகை அவரைப் பொய் நிறுவை போடாமல் தடுக்கிறது. எது தொழுகை என்பதை நீயே பார்த்துக்கொள் என்றேன். பையன் தலையாட்டிவிட்டுப் போனான். எனக்கோ அவன் வினா போகவில்லை. அந்த வினா எங்கிருந்து பிறந்தது என்பதைத் தேடியே நான் பழைய படங்களிலிருந்து தொடங்கினேன்.

தமிழ்த் திரையில் முஸ்லிம் பெயர்கள் முதலில் பெருவழக்காகக் கேட்டது அரபிக் கதைகளின் வழியாகத்தான். 1955-இல் 'குலேபகாவலி', 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1960-இல் 'பாக்தாத் திருடன்' என வரிசையாக வந்தன. மூன்றிலும் எம்.ஜி.ஆரே நாயகர். அலிபாபா தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் பெருமையும் உடையது. இப்படங்களில் வாள்வீச்சும் நடனமும் மந்திரக் குகையும் உண்டு. மார்க்கமும் இல்லை, மார்க்கத்தின் மீது வசையும் இல்லை. குழந்தைகள் மகிழ்ந்தார்கள், பெரியவர்களும் மகிழ்ந்தார்கள். அரபு ஓதியவர்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தியும் உண்டு. அலிபாபா கதை 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலின் பழைய அரபுச் சுவடிகளில் காணப்படுவதில்லை. 1709-இல் பாரிஸ் நகரில் ஹன்னா தியாப் என்னும் அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவர் சொல்லக் கேட்டு, அந்துவான் கல்லான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்ட கதை அது. ஆக, முஸ்லிம் கதை என்று உலகம் கொண்டாடுவது ஒரு சிரியக் கிறிஸ்தவரின் வாய்மொழி!

இன்னொரு செய்தி நம் பெருமைக்குரியது. அக்காலத் திரையுலகில் தமிழ் முஸ்லிம்கள் எழுத்துப் பணியில் இருந்தார்கள். கவி கா.மு. ஷெரீப் திரைப்பாடல்கள் பல எழுதினார். 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தின் வசனத்தில் கண்ணதாசனோடு பெயர் பெற்ற ரவீந்தர், நாகூரைச் சேர்ந்த காஜா முகைதீன்தான். ஆயினும் தம் சொந்தத் தெருவை, தம் உம்மாவும் பாட்டியும் பேசிய தமிழைத் திரையில் வைக்கும் வாய்ப்பு இவர்களுக்குப் பெரிதாக அமையவில்லை. முஸ்லிம் என்றால் பாக்தாத், முஸ்லிம் என்றால் ஒட்டகம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியது.

1961-இல் பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' வந்தது. இன்றளவும் நம் குடும்பங்களில் அன்போடு நினைக்கப்படும் படம் அது. நாகையா ஏற்ற இஸ்மாயில் என்னும் வைத்தியர், கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து ரஹீம் என்று பெயரிட்டு வளர்க்கிறார். வளர்ந்த ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். பெருநாள் பாட்டிலே நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரலும் ஒலித்தது. ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் அந்த வைத்தியரைப் போன்றவர்களை நம் ஊர்கள் பல கண்டிருக்கின்றன. ஆகவே அது பொய்ச் சித்திரம் அன்று.

எனினும் நிதானித்துப் பார்த்தால் ஒன்று தோன்றும். கதையின் நாயகன் முஸ்லிமாக வளர்கிறான். ஆனால் முஸ்லிம் வீட்டில் பிறந்தவன் அல்லன். வளர்ப்பே மனிதனை ஆக்குகிறது என்று படம் சொல்வதாகக் கொண்டால் அது உயர்ந்த கருத்து. இஸ்மாயிலின் கைபட்டதால்தான் அப்பிள்ளை நல்லவன் ஆனான் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். வேறு விதமாகப் பொருள் கொள்பவரும் உண்டு. படம் அதற்கும் இடம் தந்திருக்கிறது. முஸ்லிம் தாய்க்குப் பிறந்து, முஸ்லிமாகவே வாழ்ந்து, தமிழ் மக்களின் நாயகனாக நிற்கும் ஒருவனைக் காண நாம் இன்னும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன்பின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் 'பாய்' என்னும் ஒரே அச்சில் வார்த்த பாத்திரம் படத்துக்குப் படம் வந்தது. துருக்கித் தொப்பி அல்லது வலைத்தொப்பி, பச்சை அங்கி, கட்டம் போட்ட கைலி, கையில் சாம்பிராணிப் புகை, வாயில் கொச்சைத் தமிழ். 'நம்பள்', 'நிம்பள்' என்று பேசவைத்துச் சிரிப்பு மூட்டினார்கள். நல்லவராகத்தான் பெரும்பாலும் காட்டினார்கள். ஆபத்து நேரத்தில் நாயகனுக்கு உதவி செய்துவிட்டு மறைந்துபோகும் நல்லவர்! இதில் குறை காண்பது நன்றிகெட்ட செயல் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னதுண்டு. நான் குறை காண்பது அவர்கள் தந்த குணத்தில் அன்று; பறித்துக்கொண்ட மொழியில்தான்.

தமிழ் முஸ்லிம்களுக்குத் தமிழ் தாய்மொழி. உருது பேசும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு; அவர்களின் மொழியும் மதிக்கத்தக்கதே. ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் வீட்டு மொழி தமிழ். உலகின் பல பகுதி முஸ்லிம்கள் 'நமாஸ்' என்று பாரசீகச் சொல்லால் சொல்வதை நாம் 'தொழுகை' என்கிறோம். 'ரோஜா' என்பதை 'நோன்பு' என்கிறோம். 'மஸ்ஜித்' நமக்குப் 'பள்ளிவாசல்'. 'ஈத்' நமக்குப் 'பெருநாள்'. காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்றும், குழம்பை 'ஆணம்' என்றும் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. புலவர்களின் ஏட்டில் இருக்கும் சொற்களை நம் தாய்மார்கள் அடுப்பங்கரையில் வைத்துக் காத்திருக்கிறார்கள். அரபு எழுத்திலே தமிழை எழுதி 'அரபுத் தமிழ்' என்றொரு மரபையே வளர்த்த மக்கள் நாம். இத்தகைய மக்களைத் திரையில் தமிழ் பேசத் தெரியாதவராகக் காட்டியபோது, 'இவர் வெளியூர்க்காரர்' என்னும் எண்ணம் பார்ப்பவர் மனத்தில் ஓசையின்றிப் படிந்தது. சிரிப்போடு படிந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. நாமும் சேர்ந்து சிரித்தோம்.

வெளியூர்க்காரர் என்று எண்ணப்பட்டவரை அயலார் என்று எண்ணுவது அடுத்த படி. தொண்ணூறுகளில் அதுவும் நிகழ்ந்தது. 1992-இல் மணிரத்னத்தின் 'ரோஜா' வந்தது. ஒளிப்பதிவும் இசையும் மிக உயர்ந்தவை, ஏ.ஆர். ரஹ்மான் உலகுக்கு அறிமுகமான படம் அது. கடத்தப்பட்ட நாயகன், தீவிரவாதிகள் கொளுத்திய தேசியக் கொடியின் மீது விழுந்து தீயை அணைக்கிறான். அதே காட்சியில், கடத்தியவர்களின் தலைவன் அமைதியாகத் தொழுதுகொண்டிருப்பதும் மாறி மாறிக் காட்டப்படுகிறது. நேர்மையாகச் சொல்வதாயின், அந்தத் தலைவனின் தங்கை நாயகன் தப்பிக்க உதவுகிறாள்; இறுதியில் அவனும் மனம் மாறி நாயகனைப் போக விடுகிறான். கதையின் முடிவு நல்லதே. ஆனால் கதையை மறந்துவிடும் சிறுவனும் காட்சியை மறப்பதில்லை. எரியும் கொடியும் ஸுஜூதில் தாழும் நெற்றியும் அடுத்தடுத்து அவன் கண்ணில் விழுகின்றன. இரண்டுக்கும் உறவு உண்டு என்று எந்த வசனமும் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. என் மாணவனின் வினாவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் படத்தை அவன் பார்த்திருக்க மாட்டான். இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் எடுத்த படங்களை அவனுடைய தோழர்கள் பார்த்திருப்பார்கள்.

1995-இல் வந்த 'பம்பாய்' இதனினும் சிக்கலானது. தமிழ்நாட்டுக் கிராமமொன்றின் இந்து இளைஞனும் முஸ்லிம் பெண்ணும் மணந்து பம்பாய்க்குப் போகிறார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நகரில் நடந்த கலவரத்தில் சிக்குகிறார்கள். இரு தந்தையரும் பேரக் குழந்தைகளின் பொருட்டு ஒருவரோடொருவர் உறவாவது உள்ளத்தைத் தொடும் பகுதி. ஆனால் கலவரத்தை இரு தரப்பும் சம எடையில் செய்ததாகப் படம் நிறுத்தித் தருகிறது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998-இல் வெளியான அறிக்கையில் தந்த கணக்கோ வேறு: மாண்டவர் சுமார் 900 பேர், அவர்களுள் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. கலைஞன் சமாதானத்தை விரும்பலாம், விரும்ப வேண்டும். ஆனால் சமாதானத்தின் பொருட்டுத் தராசின் முள்ளைக் கையால் பிடித்து நிறுத்துவது நிறுவை ஆகாது. இதைச் சொல்லும் நானே, அப்படத்துக்காக 1995-இல் இயக்குநரின் வீட்டில் குண்டு வீசப்பட்டதை இழிசெயல் என்று சொல்லவும் கடமைப்பட்டவன். எழுத்தில் விடை சொல்லியிருக்க வேண்டிய குற்றச்சாட்டை, வீசியவர்கள் தங்கள் கையாலேயே மெய்ப்பித்துவிட்டார்கள்.

2012-இல் 'துப்பாக்கி' வந்தபோது எதிர்ப்பு எழுந்து சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2013-இல் கமல்ஹாசனின் 'விஸ்வரூப'த்தை அரசே தமிழகத்தில் நிறுத்திவைத்தது. ஜனவரி 25-ஆம் நாள் பிற இடங்களில் வெளியான அப்படம், முஸ்லிம் அமைப்புகளோடு பேச்சு நடந்து, சில இடங்களில் ஒலி நீக்கப்பட்ட பின், பிப்ரவரி 7-ஆம் நாள் இங்கே வெளியாயிற்று. நடந்தது என்ன? படத்தைப் பார்க்க நினையாதவர்களும் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். அப்படத்தில் நாயகனே ஒரு முஸ்லிம். கொல்லப்படுமுன் தொழுதுகொள்ள அனுமதி கேட்டு, தொழுகையின் பின் பகைவர்களை வீழ்த்துகிறான். அவன் நாட்டின் உளவுத்துறையில் பணியாற்றுபவன். 'நல்ல முஸ்லிமைத்தானே காட்டினேன்' என்று படைத்தவர் கேட்கலாம். என் வருத்தம் அங்கேதான். முஸ்லிம் நல்லவன் என்று நம்பப்படுவதற்குச் சீருடையோ, உளவுத்துறை அடையாள அட்டையோ தேவைப்படுகிறது. அரிசிக் கடை வைத்திருப்பவன், தறி நெய்பவன், மாலையில் பிள்ளைகளுக்கு 'அலிஃப், பா' சொல்லிக்கொடுப்பவன் ஆகியோரின் நன்மைக்குத் திரையில் இடம் இல்லை. இந்தக் குறையைத் தடையாணையால் தீர்க்க முடியுமா? தடை ஒரு காட்சியை அழிக்கும். வேறொரு காட்சியை அதனால் தர முடியாது.

இனி, 'உண்மைச் சம்பவம்' என்னும் முத்திரையைக் குறித்துச் சொல்ல வேண்டும். ஹதீஸ் கலையில் 'இஸ்னாத்' என்றொரு முறை உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஒருவர் அறிவித்தால், அவருக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு கண்ணி பலவீனமானால் செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஒதுக்கிவைப்பார்கள். 2023-இல் வந்த 'தி கேரளா ஸ்டோரி' என்னும் இந்திப் படத்தின் முன்னோட்டம், கேரளத்தில் 32,000 பெண்கள் மதமாற்றப்பட்டுத் தீவிரவாதத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டதாகப் பறைசாற்றியது. இந்தச் செய்தியின் சங்கிலி எங்கே? கேட்டதும் அந்த எண் சுருங்கி மூன்று பெண்களின் கதை ஆயிற்று. 2023 மே மாதத்தில் உச்சநீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, 32,000 என்னும் எண்ணுக்கு நம்பத்தக்க தரவு இல்லை, இது கற்பனை கலந்த ஆக்கம் என்னும் அறிவிப்பைப் படத்தில் சேர்க்கத் தயாரிப்பாளர்கள் உடன்பட்டார்கள். அறிவிப்பு சில நொடிகள் ஓடி மறையும். முப்பத்திரண்டாயிரம் என்னும் எண் பார்த்தவர் நெஞ்சில் தங்கும். ஆயினும் அந்த அறிவிப்பைப் பெற்றுத் தந்தது கல்லெறிதல் அன்று, 'சான்று எங்கே?' என்னும் கேள்விதான். அது நம் முன்னோர் நமக்குக் கற்றுத்தந்த கேள்வி.

இதே கேள்வியை நமக்குப் பிடித்தவற்றிடமும் கேட்கும் நெஞ்சுரம் வேண்டும். துருக்கியில் 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'எர்துருல்' தொடரை நம் இளைஞர்கள் இரவு பகலாகப் பார்த்தார்கள். குதிரையும் கூடாரமும் வீரமும், பெரியோரிடம் காட்டும் பணிவும் அதில் அழகாக உள்ளன. அரைகுறை ஆடைக் காட்சியின்றிக் குடும்பத்தோடு பார்க்க முடிகிறது என்று பெண்கள் சொல்வதும் நியாயமே. ஆனால் எர்துருலைப் பற்றி அவர் காலத்துச் சான்றுகள் மிகச் சில. தொடரின் நூற்றுக்கணக்கான மணி நேரக் கதையில் பெரும்பகுதி எழுத்தாளர்களின் கற்பனை. அதை வரலாற்றுப் பாடமென்று எண்ணி என்னோடு வாதிட்ட இளைஞர்கள் உண்டு. பிறர் நம்மைப் பழிக்கும்போது சான்று கேட்டுவிட்டு, நம்மைப் புகழும்போது கேளாதிருந்தால், நாம் கேட்டது நீதிக்காக அன்று என்றாகிவிடும். 1990-இல் தூர்தர்ஷனில் 'திப்பு சுல்தானின் வாள்' ஒளிபரப்பானபோது, பகவான் கித்வானியின் நாவலைத் தழுவிய கற்பனை என்னும் அறிவிப்போடுதான் அது வந்தது. அன்று அந்த அறிவிப்பு நம்மவர் பலரை வருத்தியது. இன்று நிதானமாக நினைத்தால், எல்லா வரலாற்றுத் தொடர்களுக்கும் அத்தகைய அறிவிப்பு இருப்பதே முறை என்று தோன்றுகிறது. ஒருவருக்கு மட்டும் இட்டு மற்றவர்க்கு விடுவதே பிழை.

அரபு கற்போர் அறிய வேண்டிய படம் ஒன்று உண்டு. சிரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முஸ்தஃபா அக்காத் 1976-இல் எடுத்த 'தி மெசேஜ்'; அரபில் 'அர்ரிஸாலா'. ஒரே களத்தில் ஆங்கிலத்திற்கு ஒரு குழு, அரபுக்கு ஒரு குழு என இருமுறை படமாக்கினார். ஆங்கிலத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை அந்தோனி குவின் ஏற்றார். அரபில் அப்துல்லாஹ் கைத் ஏற்றார். நாயகம் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, நிழலும் இல்லை, குரலும் இல்லை. எதிரே நிற்பவர் பேசுகிறார். மறுமொழியை நாம் கேட்பதில்லை. அடுத்தவர் அதைக் கேட்டு நடப்பதை மட்டும் காண்கிறோம். ஒருவரைக் காட்டாமலே அவர் இருப்பை உணர்த்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் கண்டதில்லை. ஸஹாபாக்களின் வேடத்தை நடிகர் ஏற்கலாமா என்னும் கேள்வி உலமாக்களிடையே உண்டு. 2012 ரமளானில் வெளியான 'உமர்' என்னும் அரபுத் தொடருக்கும் அல்அஸ்ஹர் அறிஞர்கள் அக்காரணத்தால் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதன் அரபு நடை இலக்கணம் பிசகாதது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

'தி மெசேஜ்' படத்திற்கு நேர்ந்தது நமக்கொரு படிப்பினை. அதில் நாயகம் (ஸல்) அவர்களின் வேடத்தை ஒருவர் ஏற்றிருப்பதாக வதந்தி பரவியது. 1977 மார்ச் மாதத்தில் வாஷிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய ஒரு சிறு கூட்டம், வேறு கோரிக்கைகளோடு இப்படத்தை நிறுத்த வேண்டுமென்றும் கேட்டுப் பலரைச் சிறைபிடித்தது. ஓர் இளம் செய்தியாளர் உயிரிழந்தார். அவர்கள் எதிர்த்த காட்சி படத்தில் இல்லவே இல்லை! 2005 நவம்பரில் ஜோர்தானின் அம்மான் நகர ஓட்டல்களில் தீவிரவாதிகள் வைத்த குண்டுகளில் அக்காத்தும் அவர் மகளும் மாண்டார்கள். இஸ்லாத்தின் செய்தியை உலகுக்குச் சொல்ல வாழ்நாளைச் செலவிட்ட ஒரு முஸ்லிமை, இஸ்லாத்தின் பெயர் சொல்லிக்கொண்டவர்கள் கொன்றார்கள். என் மாணவன் வளர்ந்ததும் இந்த வரலாற்றையும் அவனுக்குச் சொல்ல நினைத்திருக்கிறேன். குண்டு வைப்பவன் யாருக்குப் பகைவன் என்பது அப்போது அவனுக்கு இன்னும் தெளிவாகும்.

அண்மைக் காலத்தில் நம்பிக்கை தரும் படங்களும் வந்திருக்கின்றன. 2021-இல் வெங்கட் பிரபு இயக்கிய 'மாநாடு' படத்தின் நாயகன் அப்துல் காலிக். சிலம்பரசன் நடித்தார். ஒரு நாளே திரும்பத் திரும்ப வரும் விந்தைக் கதை. முதலமைச்சரைக் கொன்று அப்பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மீது போடும் சதியை நாயகன் முறியடிக்கிறான். சண்டையும் வேடிக்கையும் கலந்த வணிகப் படந்தான். ஆனால் பழி எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதைத் திரையரங்கில் கைதட்டிய மக்களுக்கு அது விளக்கிவிட்டது. அப்துல் காலிக் நல்ல தமிழ் பேசுகிறான்; சீருடை அணியாமலே நாயகனாக நிற்கிறான். 2023-இல் வந்த 'ஃபர்ஹானா' சென்னையில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பமொன்றின் கதை. வறுமையால் வேலைக்குப் போகும் பெண். அவளை நம்பும் கணவன். ஊரார் பேச்சுக்கு அஞ்சும் தந்தை. படம் வெளியாகும் முன்பே எதிர்ப்பு எழுந்தது. பார்த்தபோது, இழிவுபடுத்தும் நோக்கம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் சில திருப்பங்கள் செயற்கையானவை என்பது வேறு. ஒரு கணவன் தன் மனைவியின் சொல்லை நம்புவதைக் காட்டும் படத்தை நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

மலையாளத்தைப் பாருங்கள். 2018-இல் ஸகரிய்யா என்னும் இளைஞர் 'சூடானி ஃப்ரம் நைஜீரியா' என்றொரு படம் எடுத்தார். மலப்புறத்துக் கால்பந்துக் குழுவில் ஆடவந்த ஆப்பிரிக்க இளைஞன் அடிபட்டுப் படுக்கையில் விழுகிறான். மொழி தெரியாத அவனை ஒரு முஸ்லிம் தாய் தன் மகனைப் போல் பேணுகிறாள். பிரசங்கம் இல்லை, கண்டனம் இல்லை. அந்தத் தாயைக் கண்டவர் எவரும் முஸ்லிம் வீட்டு வாசலைக் கண்டு அஞ்சமாட்டார்கள். அதை எடுத்தவர்கள் அந்த வாசலுக்குள்ளே பிறந்தவர்கள். ஆகவே அவர்களுக்கு அது இயல்பாக வந்தது.

நம்மிடம் கதைகள் இல்லையா? தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில்தான் தொடராக வந்தது. அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் குறைகளையும் மறையாமல் எழுதியவர் அவர். அதனால் சிலருக்குக் கசந்தார். தன் குறையைத் தானே சொல்லத் தெரிந்த சமுதாயத்தின் நிறைகளை உலகம் நம்பும். நாமோ மண்டபங்கள் கட்டச் செல்வர்களைத் தேடுகிறோம். எழுதத் தெரிந்த பிள்ளையைப் 'பிழைக்கத் தெரியாதவன்' என்கிறோம்.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சென்று கோவில்பட்டியைக் கடந்தால் எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் ஊர். அவர் அரபு நாட்டைப் பாடியபோது மலையில் மழை பெய்வித்தார். ஆறு பெருகி வரச் செய்தார். வயலில் நெல் விளைவித்தார். பாலையை அவர் அறியாதவர் அல்லர். கேட்பவன் தமிழன், அவன் நெஞ்சுக்குள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு அயலானாக நுழையக்கூடாது, உறவாக நுழைய வேண்டும் என்று கருதினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர் அரபு நாட்டைத் தமிழாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் திரையோ, தமிழ் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவனை அரபு நாட்டானாக்கிவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையே நாம் இழந்ததை மீட்பது யார் கடன்?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கையிலுள்ள கருவியைப் பறித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அவர்கள் பார்த்ததைக் கேளுங்கள். இதைச் சொன்னவர் யார், இதற்குச் சான்று என்ன, இதில் வரும் முஸ்லிமைப் போல் நம் தெருவில் யாரேனும் உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகள் உங்கள் பிள்ளையிடம் எதையாவது கேட்டால், கோபப்படாமல் விடை சொல்லக் கற்றுக்கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை கதை எழுதவோ படக்கருவியைக் கையாளவோ விரும்பினால், நல்லதைச் செய் என்று துஆச் செய்து அனுப்புங்கள். நம் வீட்டு நோன்புக் கஞ்சியின் மணத்தையும், நம் தாய்மாரின் தமிழையும், நம் சண்டைகளையும் சமாதானங்களையும் அறிந்தவர்கள் அந்தப் பிள்ளைகளே. அவர்களுள் ஒருவர் ஒரு நல்ல படம் எடுத்துத் தருவாராயின், என் வயதுடையவர்கள் அதைக் கூடத்தில் உட்கார்ந்து, அண்டை வீட்டாரையும் அழைத்துவைத்துப் பார்க்கச் சித்தமாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.